வீதியில் நீட்டிய கை

இலஞ்சம் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது மனிதக் குணம், மாற்றமுடியாது" என்று நம்மவர் சிலர் முடித்துவிடுவார்கள். ஜோர்ஜியா நாட்டைப் பற்றி வாசிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சோவியத் காலத்தில் கையில் பணம் இருந்தாலும் கடையில் பொருள் இருக்காது. சப்பாத்துக்கும் இறைச்சிக்கும் தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும். ரஷ்ய மொழியில் இதற்கு 'பிளாத்' என்று பெயர். 1991இல் ஒன்றியம் உடைந்தது. பணவீக்கத்தில் அரச ஊழியரின் சம்பளம் கரைந்துபோக, முத்திரை குத்தும் அதிகாரம் மட்டும் அவர் மேசையிலேயே இருந்தது. பழைய தயவுக்கு விலை வந்தது இப்படித்தான்.

போக்குவரத்துப் பொலிஸைப் பாருங்கள். அந்த வேலையில் சேரவே பணம் கொடுக்க வேண்டும். கொடுத்ததை வாகனங்களை மறித்து எடுக்க வேண்டும். எடுத்ததில் ஒரு பங்கு மேலதிகாரிக்கு, அங்கிருந்து இன்னும் மேலே. நல்ல மனிதர் ஒருவர் சேர்ந்தாலும் வாங்காமல் இருக்க முடியாது. பங்கு கேட்க மேலே ஆள் இருக்கிறாரே! ஒருவர் இருவரைத் தண்டித்து என்ன பயன்?

2003 நவம்பரில் நடந்த ரோஜாப் புரட்சிக்குப் பின் வந்த சாகாஷ்விலி அரசு, 2004இல் அந்தப் பிரிவையே கலைத்தது. சுமார் 15,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். புதிய ரோந்துப் பொலிஸ் வரும்வரை வீதியில் பொலிஸே இல்லை. அதனால் நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. புதியவர்களுக்குச் சம்பளம் பல மடங்கு. பொலிஸ் நிலையங்களுக்குக் கண்ணாடிச் சுவர். 2005இல் பல்கலைக்கழக அனுமதிக்கு நாடு முழுவதும் ஒரே பரீட்சை வைத்தார்கள். பணம் கொடுத்து இடம் வாங்கும் வழி அடைபட்டது. டிரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் பட்டியலில் 2003இல் 133 நாடுகளில் 124ஆவதாக இருந்த ஜோர்ஜியா, 2012இல் 176 நாடுகளில் 51ஆவதாக வந்தது.

இதோடு நிறுத்தினால் அரைக்கதை சொன்னவனாவேன். நீதிமன்றங்களை அதே அரசு தன் பிடிக்குள் வைத்திருந்தது. வழக்கில் மாட்டியவர் விடுதலையாவது அபூர்வம். ஆகவே பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அரசுக்குப் பணம் கட்டி வெளியே வந்தார்கள். பணம் கஜானாவுக்குத்தான் போனது, யாருடைய பைக்கும் அல்ல. கட்டியவருக்கு அதில் என்ன ஆறுதல்? 2012 செப்டெம்பரில் சிறைச்சாலைச் சித்திரவதைக் காட்சிகள் தொலைக்காட்சியில் வெளிவந்தன. அடுத்த மாதத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது.

பொலிஸைக் கலைத்த கையோடு நீதிபதிகளையும் சுதந்திரமாக விட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்த மாதம் எஸ்தோனியாவைப் பற்றிப் பேசுகிறேன்.