வளர்ந்த பின்னும் பயிற்சி வேண்டும்: மூளை முடக்குவாதம் உள்ளோருக்குத் தொலைபேசி வழியே வழிகாட்டல்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தாய் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போவாள். பதினைந்து வயதாகும்போது தந்தையும் சேர்ந்து தூக்குவார். முப்பத்தைந்து வயதில் தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள்?

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இக்கேள்வி மேலும் கடுமையானது. காணியையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் இப்பிள்ளைகளை விடவில்லை. சைக்கிளிலும் தோளிலும் சுமந்து வந்தார்கள். ஆனால் வழியில் கிளினிக் அட்டை தொலைந்தது, பழகிய வைத்தியர் வேறு ஊரில் நின்றுவிட்டார், புதிய இடத்தில் வைத்தியசாலைக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். பிள்ளையும் வளர்ந்துவிட்டது. "இனி என்ன செய்ய, ஃபாதர்? சின்ன வயதில் செய்யவேண்டியது" என்று பெற்றோர் என்னிடம் சொல்வதுண்டு. அந்த எண்ணம் தவறு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

மூளை முடக்குவாதம் ஒரு தொற்றுநோயன்று, செய்வினையுமன்று. பிறக்கும் முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறு காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட காயத்தின் விளைவு அது. குறைமாதப் பிறப்பு, மூச்சுத் திணறல், கடும் மஞ்சட்காமாலை, மூளைக் காய்ச்சல் என்பன அதன் காரணங்களுட் சில. 1861ஆம் ஆண்டிலேயே இலண்டன் வைத்தியரான வில்லியம் ஜோன் லிற்றில், கடினமான பிரசவத்துக்கும் பிள்ளைகளின் கைகால் இறுக்கத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் கூறினார். (அவரும் சிறு வயதிலிருந்தே கோணிய பாதத்துடன் வாழ்ந்தவர்.) பேச்சுத் தெளிவில்லாத காரணத்தால் அறிவும் குறைவென்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். பலருக்கு அறிவில் எக்குறையும் இல்லை.

மூளையில் உள்ள அந்தக் காயம் வயதோடு பெருகுவதில்லை. உடல்தான் மாறுகிறது. இறுகிய தசை ஆண்டுக்கணக்கில் மூட்டை ஒரே பக்கமாக இழுக்க, முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடுகிறது, குதிக்கால் நிலத்தில் படாது போகிறது. இவர்களுக்கு நடப்பதற்குச் செலவாகும் சக்தி மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்காக இருக்கலாம். ஆகவே முப்பது வயதை அண்டியதும் களைப்பும் நோவும் கூடி, முன்பு நடந்தவர் நடையை விட்டுவிடுகிறார். நடையை விட்டதும் தசை மேலும் மெலிகிறது. வீட்டார் இதை நோய் முற்றிவிட்டதாக எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது பயிற்சி நின்றதன் விளைவே.

வளர்ந்தவர்களைக் கைவிட்டது எமது நாடு மட்டுமன்று. இங்கிலாந்திலேயே வளர்ந்தோருக்கான பராமரிப்புக்கென்று தேசிய வழிகாட்டி 2019ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

பயிற்சி பற்றிய கருத்தும் மாறியிருக்கிறது. பலம் கொடுக்கும் பயிற்சி தசை இறுக்கத்தைக் கூட்டிவிடும் என்று முன்பு அஞ்சினார்கள். 1990களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் அந்த அச்சம் ஆதாரமற்றது எனக் காட்டின. மறுபுறம், மற்றவர் பிடித்துக் கால்களை இழுத்து நீட்டுவதால் மட்டும் மூட்டு இறுக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை என்பதை 2017இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள் கண்டனர். மகன் கண்ணீர் விட விட முழங்காலை அமத்தி நீட்டிய தாய்மாரை நான் அறிவேன். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. ஆனால் ஒருவர் தானாகக் கதிரையில் இருந்து பத்துத் தரம் எழும்பி இருப்பது, பிறர் அரைமணி நேரம் காலை இழுப்பதைவிடப் பயன் தரும்.

எவ்வளவு செய்யவேண்டும்? 2016இல் இத்துறை ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிந்துரைப்படி, பலப் பயிற்சியைக் கிழமைக்கு இரண்டு முதல் நான்கு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு அசைவையும் 6 முதல் 15 தடவை செய்யலாம். பலன் தெரிய 12 முதல் 16 கிழமைகள் செல்லும். மூச்சு வாங்கும் பயிற்சியைக் கிழமைக்கு ஓரிரு தடவை தொடங்கி மூன்றாகக் கூட்டலாம். ஒவ்வொரு தடவையும் 20 நிமிடமாவது வேண்டும். செய்யும்போது பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும்: அதுவே அளவு. நடக்க முடியாதவர் இருந்தபடி கைகளை வீசலாம், சக்கர நாற்காலியைத் தானே உருட்டலாம். பாரம் வேண்டுமானால் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ. அரைக் கிலோ மணலைத் துணிப்பையில் கட்டிக் கணுக்காலிலும் கட்டலாம்.

இவற்றை யார் சொல்லித் தருவது? இங்கேதான் தொலைபேசி உதவுகிறது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது கிளினிக்குகள் மூடப்பட, உலகெங்கும் இயன்மருத்துவர்கள் (நாம் பிசியோதெரபி மிஸ் என்போமே, அவர்கள்) வீடியோ அழைப்பில் பயிற்சி சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். முடக்கம் நீங்கிய பின்னும் அவ்வழக்கம் பல இடங்களில் நிலைத்துவிட்டது. ஆனால் முதற் சந்திப்பு நேரில்தான் இருக்கவேண்டும். மூட்டு எவ்வளவு மடங்கும், தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கையால் தொட்டே அறிய முடியும். வலிப்பு உண்டா, இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரியவேண்டும். ஒரு தடவை வாகனம் பிடித்துப் போய்வாருங்கள். அங்கேயே, "மிஸ், அடுத்த தடவைகளைத் தொலைபேசியில் பார்க்க முடியுமா?" என்று கேட்டு நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் உடனிருந்து பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். மகனுக்கு முப்பத்திநான்கு வயது. தாய்க்கு அறுபதைத் தாண்டிவிட்டது, நாரிநோ வேறு. கைத்தொலைபேசியைப் பால்மா ரின்னில் சாய்த்து வைத்தோம். முதலில் மிஸ்ஸுக்கு அவருடைய முகம் மட்டுமே தெரிந்தது. பாதம் முதல் தலை வரை தெரியும்படி வைக்கச் சொன்னார். பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் ஆள் கறுப்பாகத் தெரியும் என்று இடத்தையும் மாற்றுவித்தார். பிறகு, "என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார். தாய் பதில் சொல்லத் தொடங்க, "அம்மா, தம்பி சொல்லட்டும்" என்றார். தம்பிக்குச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடமாவது சென்றிருக்கும். இரவில் தாயை எழுப்பாமல் மலசலகூடத்துக்குப் போகவேண்டும் என்பதே அவர் சொன்னது.

எழும்பி இருக்கும் பயிற்சியோடு தொடங்கினார்கள். எழும்பும்போது பிளாஸ்ரிக் கதிரை சீமெந்து நிலத்தில் வழுக்கியதை மிஸ் அங்கிருந்தே கண்டு, அதைச் சுவரோடு அணைத்து வைக்கச் சொன்னார். கதிரை பதிவு என்று இரண்டு சாக்கை மடித்துப் போட்டு உயர்த்தினோம். பலம் வரவர ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். வைத்தியசாலையில் அவர் காண்பது வைத்தியசாலைக் கட்டிலை மட்டுமே. இங்கே கதவுப்படி, கிணற்றடிச் சேறு, மலசலகூடத்துப் பாதை எல்லாவற்றையும் கண்டார். நேரில் போவதைவிடத் தொலைபேசி மேலாக இருப்பது இந்த ஒன்றிலேதான்.

சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களில் நேரடி அழைப்பு வேண்டாம். ஒரு நிமிட வீடியோவை எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் பார்த்துவிட்டுக் குரற்பதிவில் பதில் தருவார்; டேட்டாவும் மிச்சம். எத்தனை தடவை செய்தார், மறுநாள் நோ இருந்ததா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எண்ணுவதைப் பயிற்சி செய்பவரே எண்ணட்டும். பெண்பிள்ளைகளானால் பெண் மிஸ் ஒருவரைக் கேளுங்கள், வீட்டுப் பெண்ணொருவர் கூட இருக்கட்டும். அனுப்பிய வீடியோவை உடனே அழித்துவிடுங்கள். அண்ணன்மார் கையில் மாறிமாறிப் போகும் தொலைபேசி அது.

ஒரு எச்சரிக்கை. கைகள் புதிதாக விறைத்தால், நடை சில மாதங்களுக்குள் சடுதியாகக் குறைந்தால், சிறுநீர் அடக்க முடியாமற் போனால், பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் நேரில் செல்லவேண்டும். கழுத்து தன்பாட்டில் முறுகி ஆடும் வகை உள்ளவர்களுக்கு நடுவயதில் கழுத்தெலும்புகளுக்கிடையே முண்ணாண் நெரிபடுவதுண்டு. "பழைய வருத்தம்தானே" என்று விட்டுவிட்டால் கைகளின் பலமும் போய்விடும். வைத்தியரும் அப்படிச் சொன்னால், முன்பு எதைச் செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதைக் கொப்பியைத் திறந்து காட்டுங்கள்.

சக்கர நாற்காலி, கைபிடி, மலசலகூட வசதி போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். நான் சொன்ன வீட்டில் அதற்குக் காத்திருக்கவில்லை. மலசலகூடம் வரை பூவரசங் கதியால் நட்டு, இடுப்பளவு உயரத்தில் கமுகஞ் சலாகை கட்டினார்கள். நான்காம் மாதம் தம்பி அதைப் பிடித்து நடந்து போனார். திரும்பி வரும்போது பிடிக்க மறுபக்கத்தில் சலாகை இல்லை என்று சொல்லி, அங்கேயும் கட்டச் சொன்னார்.