மலைக்கும் கண்ணுக்கும் நடுவே

டீ கிளாசை மேசையின் அந்தக் கோடியில் வையுங்கள். அதுதான் மலை. அதைவிடக் கொஞ்சம் குட்டையான, சிவப்பு மூடி போட்ட இந்தச் சர்க்கரை டப்பா, புதிதாக வரும் கட்டடம். இப்போது குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். டப்பா கிளாசை ஒட்டி நிற்கும்போது கிளாசின் விளிம்பு மேலே தெரிகிறது. டப்பாவை மூக்குக்கு நேரே இழுத்துவிட்டால் மலையே காணோம். இத்தனைக்கும் டப்பா ஓர் அங்குலம்கூட வளரவில்லை.

அதனால்தான் 'இத்தனை மாடிக்கு மேல் கூடாது' என்று ஊர் முழுக்க ஒரே விதி போடுவது பாதி வேலைதான். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஜப்பானின் கியோட்டோ 2007இல் அதைச் செய்தது.

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 இரவு 8 மணிக்கு, 'பெரிய' என்று பொருள்படும் எழுத்தைக் கிழக்கு மலைச் சரிவில் நெருப்பால் எழுதுவார்கள். ஊருக்கு வந்திருந்த முன்னோரின் ஆவிகளை வழியனுப்பும் தீ அது. மூன்றே கோடுகள், நீளமானது 160 மீட்டர். கமோ ஆற்றங்கரையில் கூட்டம் நின்று பார்க்கும். இடையில் ஓர் அடுக்குமாடி எழும்பினால் எழுத்துக்குக் கால் போய்விடும்.

இப்படிக் காக்க வேண்டிய 38 காட்சிகளை நகர நிர்வாகம் பட்டியலிட்டது. கரையிலிருந்து மலைக்கு ஒரு கயிறு கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்; எந்தக் கட்டடத்தின் உச்சியும் அதைத் தாண்டக் கூடாது. உச்சியைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். மேட்டில் கட்டிவிட்டு 'ரெண்டு மாடிதானே' என்று தப்ப முடியாது. பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குக் கூரை வடிவம்வரை விதி உண்டு. தொலைவில் இருப்பவற்றுக்கு முக்கியமாக நிறம். கூடவே, நகர மையத்தின் பொதுவான உயர வரம்பும் 45 மீட்டரிலிருந்து 31 ஆனது.

நிறம் அற்ப விஷயமில்லை. டப்பாவின் சிவப்பு மூடியைத்தானே முதலில் பார்த்தீர்கள்? கூரைமேல் விளம்பரப் பலகையும் மின்னி மின்னி அணையும் விளக்கும் நகரெங்கும் தடைசெய்யப்பட்டன. மெக்டொனால்ட்ஸ் பலகைகூட அங்கே சிவப்பை விட்டுப் பழுப்புக்கு மாறியது.

கியோட்டோவில் எனக்குப் பிடித்த இடம் என்ட்சூஜி கோயில் தோட்டம். தாழ்வான வேலி, அதன் பின்னே நெட்டையான மரங்கள், அடிமரங்களின் இடைவெளியில் தூரத்து ஹியேய் மலை. மலை கோயிலுக்குச் சொந்தமில்லை. கடன் வாங்கிய காட்சி என்றே அதற்குப் பெயர். கீழே இருப்பதை வேலி மறைக்கிறது. ஆனால் வேலிக்கு மேலே ஒரே ஒரு கூரை முனை எட்டிப் பார்த்தால் போதும், தோட்டம் கெட்டது. அதனால் அந்தப் பார்வைக்கும் காவல் உண்டு. (மரம் நட்டு மறைத்துவிடுகிறோம் என்று கட்டுநர்கள் சொல்வதை நான் சுலபத்தில் நம்புவதில்லை. வரைபடத்தில் மரம் எப்போதும் வளர்ந்தே இருக்கும்.)

இதற்கு விலை இல்லாமலில்லை. பழைய உயரமான அடுக்குமாடிகளை இடித்துக் கட்டினால் மேல்மாடிகள் திரும்பக் கிடைக்காது என்று குடியிருப்போர் கொதித்தார்கள். வீட்டு விலை தாங்காமல் இளம் குடும்பங்கள் பக்கத்து ஊர்களுக்குப் போகவே, 2023இல் ரயில் நிலையத்துக்குத் தெற்கே உட்படச் சில பகுதிகளில் உயர வரம்பைத் தளர்த்தினார்கள். ஆற்றங்கரைக் கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

டீ ஆறுகிறது, மலையை எடுத்துக் குடியுங்கள்.