வெள்ளைக்கல்லும் சிங்கி இறாலும்

சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் போகிறவர்களுக்கு அந்த வெள்ளைக்கல் மேடுகள் பழக்கம். அது மெக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். உருக்காலை உலைகளின் உட்சுவர்ச் செங்கலுக்காகத் தோண்டுகிறார்கள். அதே மெக்னீசியம் கடலில் என்ன செய்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு கிலோ கடல்நீரில் சோடியம் ஏறத்தாழ 10.8 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம். நட்சத்திர மீனின் உடல்நீரிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இதை வைத்து, முதுகெலும்பில்லாத கடல் உயிர் எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடுவது கடல்நீரே என்று பலர் நினைக்கிறார்கள். மொத்த உப்பைப் பார்த்தால் பெரும்பாலும் சரி. அயனி அயனியாகப் பிரித்துப் பார்த்தால் சரியில்லை.

விலங்கியலாளர் ஜே. டி. ராபர்ட்சன் 1949-லும் 1953-லும் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவாக்கின. மந்தமாக நகரும் ஐரோப்பியச் சிலந்தி நண்டின் இரத்தத்தில் மெக்னீசியம் கடலில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு. கரையோரத்தில் விறுவிறுவென ஓடும் நண்டில் மூன்றில் ஒரு பங்கு. சிங்கி இறாலிலோ ஏழில் ஒரு பங்குதான்! உணர்கொம்பின் அடியிலுள்ள சுரப்பி மெக்னீசியத்தைச் சிறுநீரோடு ஓயாமல் வெளியேற்றுகிறது.

ஏன் இவ்வளவு பாடு? நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்தால்தான் தசைக்கு உத்தரவு போகும். மெக்னீசியம் அந்த வழியை அடைத்துக்கொள்கிறது. கடல் ஆய்வகங்களில் இந்த உயிர்களை மயக்க மெக்னீசியம் குளோரைடு கரைசலில்தான் விடுவார்கள். நம் பிரசவ வார்டுகளிலும் வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுகிறார்கள். அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும் என்பதால் கால் துள்ளுகிறதா என்று முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். நம் இரத்தத்தில் மெக்னீசியம் கடலில் உள்ளதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குதான்.

ஆனால் மெக்னீசியம் குறைந்தால் சுறுசுறுப்பு என்று விதி எழுதிவிடக் கூடாது. கணவாய் மின்னலாய்ப் பாயும். அதன் இரத்தத்தில் மெக்னீசியம் ஏறக்குறைய கடல் அளவே. அது குறைத்து வைத்திருப்பது சல்பேட்டை. சொறிமீனும் அப்படித்தான், சல்பேட்டைப் பாதியளவுக்குக் குறைத்துவிடுகிறது. சல்பேட் கனமான அயனி. அதைத் தள்ளிவிட்டு இலேசான குளோரைடை வைத்துக்கொண்டால் உடம்பின் எடை குறையும், நீந்தாமலே மிதப்பது எளிதாகும்.