பிள்ளையை யார் பார்ப்பது?

கிளிநொச்சி மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒரு தாயை அண்மையில் சந்தித்தேன். கணவர் பிரிந்து சென்றுவிட்டார். மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்கு இரண்டு.

"மிஸ், அம்மா இருந்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை" என்றார். அவரது தாயார் 2009இல் இறுதிப் போரின்போது இறந்துபோனவர்.

அவருடைய கணக்கைப் பாருங்கள். சம்பளம் 30,000 ரூபா. 2026 ஜனவரி முதல் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளமும் இதுவே. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், அதாவது 2,400 ரூபா கழியும். பகல் பராமரிப்பு நிலையத்தில் கேட்டது 12,000 ரூபா. மிஞ்சும் 15,600 ரூபாவில் சாப்பாடு, பால்மா, நுண்கடன் தவணை எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு மாதத்தில் பிள்ளையை நிறுத்திவிட்டார். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மூத்தவள் பாடசாலைக்குப் போகாமல் தம்பியைப் பார்க்கிறாள்.

முன்பு அம்மம்மாவும் சித்தியும் அயல்வீட்டு அக்காவும் பிள்ளையைப் பார்த்தார்கள். அதற்கு யாரும் விலை பேசவில்லை. போரும் இடப்பெயர்வும் அந்த உறவுகளைச் சிதறடித்துவிட்டன. அன்று அன்பாகக் கிடைத்த உழைப்புக்கு இன்று விலை உண்டு. அந்த விலையைத் தாயின் சம்பளம் கொடுக்கிறது. இல்லையேல் மகளின் படிப்பு கொடுக்கிறது. 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் இருந்தும் இதுதான் நடக்கிறது. முன்பள்ளியும் முழுத் தீர்வல்ல. அது மதியத்துடன் முடிந்துவிடும், தொழிற்சாலையோ மாலையில்தான் விடும்.

மலையகத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் தாய்மார் பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளை விட்டுச் செல்வது நீண்டகால வழக்கம். குறைகள் இருக்கலாம். ஆனால் பிள்ளைப் பராமரிப்பில் தொழில் தருபவருக்கும் பங்குண்டு என்பதை அது காட்டுகிறது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் தொழிற்சாலைத் தாய்க்குப் பிள்ளையின் ஒரு வயதுவரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை வழங்குகிறது. வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் தலா அரை மணி நேரம், இல்லாவிட்டால் தலா ஒரு மணி நேரம். இதைக் கேட்டுப் பெறுவது சலுகையல்ல, உரிமை.

சகோதரிகளே, தனியே கேட்டால் முறைப்பாடு, சேர்ந்து கேட்டால் கோரிக்கை. உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த விடயத்தைப் பேசுங்கள். எத்தனை தாய்மார், எத்தனை பிள்ளைகள், எந்த நேரம் என்று ஒரு பட்டியல் எடுங்கள். சங்கக் கட்டடம் பகலில் பூட்டிக் கிடந்தால் அதைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். பட்டியலுடன் பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பாடசாலை வரவுப் பதிவில் விழும் ஒவ்வொரு வெற்றிடமும் நம் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது: பிள்ளையை யார் பார்ப்பது?