அடுப்புத் தட்டு வளைகிறதா? சாம்பலைப் பாருங்கள்!

மளிகைக் கடையின் பின்கட்டில் முறுக்கு, காராபூந்தி போட்டு விற்கும் வணிகர்கள் பலர் இன்றும் விறகு அடுப்பை விடவில்லை. அடுப்பினுள் விறகைத் தாங்கும் இரும்புச் சல்லடைத் தட்டு வளைந்து தொங்கினால், புதுத் தட்டு வாங்கிப் போட்டுவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விடுகிறோம். சில மாதங்களில் அதுவும் வளைகிறது. குற்றம் பெரும்பாலும் தட்டில் இல்லை. அடுப்பைப் பராமரிக்கும் முறையில் இருக்கிறது.

வளைவது ஏன்?

சூடேறினால் இரும்பு நீளும். ஒன்றரை அடி நீளக் கம்பி 600 டிகிரி வரை சூடேறும்போது 3 மில்லி மீட்டருக்கு மேல் நீளும். இரு முனைகளையும் சிமெண்ட் வைத்து இறுகப் பூசியிருந்தால் நீள வழியில்லாமல் நடுவில் வளைகிறது. அந்தச் சூட்டில் சாதா இரும்பின் பலமும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

இதைவிடப் பெரிய காரணம் சாம்பல். தட்டைக் குளிர வைப்பது கீழிருந்து ஏறும் காற்றுதான். சாம்பல் குவிந்து தட்டைத் தொட்டுவிட்டால் காற்று அடைபடும். மேலே நெருப்பு, கீழே தணல் என்று இருபுறமும் சூடு தாக்கும். விறகும் சரியாக எரியாமல் புகையும். தட்டோடு விறகுக் காசும் வீண்.

என்ன செய்யலாம்?

தினமும் அடுப்பு மூட்டுமுன் சாம்பலை அள்ளிவிட வேண்டும். தட்டின் ஓரங்களில் விரல் பருமனில் பாதியாவது இடைவெளி விட வேண்டும். லேசாக வளைந்த தட்டைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாம். நன்றாக வளைந்த சாதா இரும்பைப் பட்டறையில் பழுக்கக் காய்ச்சித் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பிரும்பைத் தட்டக் கூடாது, உடைந்துவிடும். சூடாக இருக்கையில் தண்ணீர் ஊற்றினாலும் வெடித்துப் போகும்.

ஒரே தட்டாக இல்லாமல் தனித்தனிக் கனமான கம்பிகளாகப் போட்டால் வளைந்ததை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று மெல்லிய தகட்டை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. எவர்சில்வர் சாதா இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். மெல்லியதாக இருந்தால் விரைவில் நெளியும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை நெருப்பில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் காணும்.

கடாயைக் கவனியுங்கள்

தட்டு வளைந்தால் பண நஷ்டம். கடாயைத் தாங்கும் முக்காலி வளைந்தால் உயிருக்கே ஆபத்து. கொதிக்கும் எண்ணெய் 180 டிகிரி சூட்டில் இருக்கும். கடாய் சற்றே சாய்ந்தாலும் சரக்கு மாஸ்டர் மீது எண்ணெய் கொட்டும். நெருப்பில் விழுந்தால் கடையே பற்றிக்கொள்ளும். காலையில் அடுப்பு மூட்டுமுன் வெறும் கடாயை வைத்து, ஆடுகிறதா, சாய்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஆடினால் அடியில் ஓட்டுத் துண்டு சொருகிச் சமாளிக்காமல் முக்காலியையே மாற்றிவிடுங்கள்.

இரும்புச் சாமான் விற்கும் நம் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வளைந்த தட்டோடு வாடிக்கையாளர் வந்தால், புதுத் தட்டை எடுத்துக் கொடுக்குமுன் சாம்பல் எப்போது அள்ளினீர்கள், ஓரத்தில் இடம் விட்டிருக்கிறீர்களா என்று கேளுங்கள். அன்று ஒரு தட்டு குறைவாக விற்கலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த சாமானுக்கும் உங்கள் கடைப் படியைத்தான் ஏறுவார்.