ஆமை வராத ராத்திரி

"டார்ச்சை அணைச்சிடுங்க. செல்போனையும்தான்." நீலாங்கரைக் கடற்கரையில், இரவு பதினொரு மணிக்கு மேல், பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. மேடை, மைக், பொன்னாடை எதுவும் கிடையாது. கட்டணமும் இல்லை. மணலில் வட்டமாக உட்கார்ந்தால் போதும்.

பேசுபவர்கள் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவின் தன்னார்வலர்கள். 1988 முதல் ஆண்டுதோறும் இந்தக் கரையில் நடக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1970-களின் தொடக்கத்திலேயே, பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கரையில் ஆமை முட்டை தேடி நடந்திருக்கிறார்கள். ஜனவரியில் தொடங்கும் சீசனில், வார இறுதிகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர் நடை.

இங்கே முட்டையிட வரும் ஆமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். வரும் காலத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். 'ஆலிவ் ரிட்லி' என்ற அதன் ஆங்கிலப் பெயரில் அந்தத் தகவல் இல்லை.

"அண்ணா, முட்டை போடும்போது ஆமை அழுமாமே?" என்றான் ஒரு பையன்.

"அழுகை இல்லப்பா. உடம்புல சேர்ற உப்பைக் கண்ணு வழியா வெளியே தள்ளுது."

பையனுக்கு ஏமாற்றம். எனக்கும்தான்.

பிறகு பேச்சு 2025 ஜனவரிக்குப் போனது. சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கிய மாதம் அது. ஆமைக்கு நுரையீரல்; மேலே வந்து மூச்சுவிட வேண்டும். இழுவலைக்குள் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது சட்டம். முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் கரையோரத்தில்தான். ஆமை மட்டும் தப்பிக்க வலையில் திறப்பு வைக்கும் கருவியும் இருக்கிறது. "அப்போ மீன் சாப்பிடக் கூடாதா?" என்றார் ஒருவர். "எந்த வலையில வந்த மீன்னு கேட்டு வாங்குங்க." மீன் கடையில் அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பேச்சைத் துறைமுகத்திலும் நடத்த வேண்டும்.

பேச்சு முடிந்து நடந்தோம். அன்று ஆமை வரவில்லை. வந்து போயிருந்தது. திருவான்மியூர் தாண்டி, டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கியதுபோல் ஈரமணலில் ஒரு தடம். அது திரும்பிய இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. தன்னார்வலர் ஒரு குச்சியை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சட்டென்று உள்ளே இறங்கியது. பிறகு வெறுங்கையால், தோள் புதையத் தோண்டினார். முதல் முட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். பிங்பாங் பந்து அளவு. ஓடு தோல்போல மெத்தென்று, விரல் பட்ட இடத்தில் லேசாக அமுங்கியது.

அப்படியே விட்டால் நாய் தோண்டிவிடும். தப்பிப் பொரித்தாலும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் போகும். அது ஒரு காலத்தில் கடலாக இருந்தது, இப்போது தெருவிளக்கு. அதனால் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நேரம் கடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் போச்சு.

"உள்ள இருக்கறது ஆணா, பெண்ணா?"

"அதை மணல் சொல்லும். சூடு கூடினா பெண், குறைஞ்சா ஆண்."

பெசன்ட் நகரில் அதே ஆழத்துக்குக் குழி பறித்து, எண்ணி எண்ணி அடுக்கினார்கள். நூற்றுப் பதினெட்டு. தேதி எழுதிய சீட்டைக் குச்சியில் செருகியதும், எத்தனை நாளில் பொரிக்கும் என்றான் பையன். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகும் என்றதும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். ஏப்ரலில் வந்து நின்றது.

"அம்மா, பரீட்சை டைம்மா அது..."

அவன் அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.