மேசையும் மடியும்

பொருள் வாங்குவது எளிது. பொருத்தமான பொருளைத் தேர்ந்து வாங்குவதே அரிது. மாணவர் ஒருவர் தம் பெற்றோரின் சேமிப்பைக் கொண்டு வாங்கும் கணினி, படிப்பு முடியும்வரை நான்கு ஆண்டுகளேனும் உழைத்தாக வேண்டும். இடையில் மற்றொன்று வாங்க எல்லோராலும் இயலாது. ஆதலின், “பெரிய திரையுடைய அலுவலக மடிக்கணினி ஒன்றை வாங்கிவிட்டால் மேசைக் கணினியே வேண்டாமன்றோ?” என்று நம் மாணவர் பலர் எழுப்பும் வினா, ஆர அமர ஆராயத்தக்கதாகும்.

இவ்வினாவைப் பெங்களூர்ப் பிரேசர் டவுனில் வைத்துப் பார்ப்போம். 1898-ஆம் ஆண்டு பெங்களூரைப் பிளேக் நோய் வாட்டியது. அதன்பின், நெருக்கடி மிகுந்த பகுதிகளின் மக்களை நல்ல காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் குடியமர்த்தும் நோக்கத்துடன், 1910-இல் இப்பகுதி உருவாக்கப்பட்டது. அந்நாளில் மைசூரில் ஆங்கில அரசின் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசர் என்பாரின் பெயரைத் தாங்கியது. பின்னாளில் புலகேசி நகர் என்ற பெயரும் பெற்றது. கன்டோன்மென்ட் பகுதியைச் சார்ந்த இவ்வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. மாஸ்க் சாலையிலும் கோல்ஸ் சாலையிலும் இருந்து கிளைக்கும் தெருக்களில் அறை எடுத்துத் தங்கும் மாணவரும் இளம் ஊழியரும் உளர். காற்றோட்டத்திற்கென எழுந்த ஊரிலே இன்று ஓர் அறையில் இருவர் தங்கி, ஒரு மேசையைப் பங்கிட்டுக் கொள்ளுதலும் உண்டு. வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் 11 மாதத்திற்குத்தான். இத்தகைய வாழ்வில் கணினி, இடத்தை அடைக்கவும் கூடாது. இடம் பெயரும்போது சுமையாகவும் கூடாது. பெரிய மடிக்கணினியின் மீது ஆசை பிறப்பதற்கு இதுவே காரணம்.

ஆசை புதியதன்று. 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்போர்ன் என்னும் ‘தூக்கிச் செல்லும் கணினி’ ஏறத்தாழ 11 கிலோ எடை கொண்டிருந்தது; அதன் திரையோ 5 அங்குலமே! தையல் இயந்திரப் பெட்டிபோல் இருந்த அதனை மடியில் வைப்பார் எவருமில்லை. மேசையிலிருந்து மேசைக்கு மாற்றவே பயன்பட்டது. இன்றைய 17 அங்குல மடிக்கணினி அதன் வழித்தோன்றலே எனலாம். எடை இரண்டரை, மூன்று கிலோ என்று குறைந்துவிட்டது, குணம் மாறவில்லை.

முதலாவதாகத் திரையை அளப்போம். திரையின் அளவு மூலைக்கு மூலை குறுக்காகக் கூறப்படுவது. 17.3 அங்குலத் திரை ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் அகலமும் 21 1/2 சென்டிமீட்டர் உயரமும் உடையது. மேசையில் வைக்கும் 24 அங்குலத் திரையோ 53 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உடையது. எண்ணிலே ஏழு அங்குல வேறுபாடுதான். பரப்பிலே ஏறத்தாழ இரு மடங்கு! வழக்கமான 15.6 அங்குல மடிக்கணினியைக் காட்டிலும் 17.3 அங்குலத் திரை 23 விழுக்காடு பரப்பு மிகுதி என்பது உண்மை. ஆயினும், ஒரு பக்கம் பாடநூலும் மறுபக்கம் கட்டுரையுமாக இரண்டையும் ஒருங்கே விரித்துப் படிப்பதற்கு மேசைத் திரையின் வசதி அதற்கு வாராது.

இரண்டாவது உடல்நலம். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும்; விசைப்பலகையோ முழங்கைமட்டத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. திரையை உயர்த்தினால் கைகள் நோகும். விசைப்பலகையைத் தாழ்த்தினால் கழுத்து குனியும். இது சிறியதற்கும் பெரியதற்கும் பொதுவான குறை. பெரியதில் மற்றொன்றும் உண்டு. எண்களுக்கெனத் தனி விசைகள் வலப்புறம் அமைவதால், எழுத்து விசைகள் இடப்புறம் ஒதுங்கிவிடுகின்றன. தட்டச்சு செய்பவர் திரையின் நடுவே அமராமல் ஒருக்களித்தே அமர நேரும். ஒரு தாங்கியும், தனி விசைப்பலகையும், சுட்டியும் வாங்கிச் சேர்த்தால் இக்குறைகள் நீங்கும். அச்செலவையும் கணினியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் அறிவுடைமை.

மூன்றாவது ஆற்றல். ‘கோர் ஐ7’ என்று மேசைக் கணினியிலும் எழுதியிருக்கும், மடிக்கணினியிலும் எழுதியிருக்கும். பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. மெல்லிய மடிக்கணினிகளின் செயலிகள் 15 வாட் அளவிலும், தடித்தவற்றின் செயலிகள் 45 வாட் அளவிலும் தொடர்ந்து இயங்குமாறு அமைக்கப்பட்டவை. மேசைக் கணினியிலோ 65 வாட்டும் அதற்கு மேலும் இயல்பு. மின்சாரம் மிகுந்தால் வெப்பம் மிகும். வெப்பத்தை வெளியேற்றக் காற்று வேண்டும். காற்றுக்கு இடம் வேண்டும். இடமில்லாத பெட்டியில் செயலி முதற் சில நிமிடம் பாய்ந்து ஓடும். சூடேறியதும் நடக்கத் தொடங்கும். கட்டுரை எழுதுவோர் இதனை உணரமாட்டார். ஒளிப்படம் தொகுப்போரும், கட்டட வரைபடம் தீட்டுவோரும், மணிக்கணக்கில் கணக்கீடு ஓட்டுவோரும் நன்கு உணர்வர். பெரிய மடிக்கணினியின் உண்மையான சிறப்பு ஈண்டுதான் உள்ளது. அகன்ற உடலில் பெரிய விசிறிகளுக்கு இடம் உண்டு. ஆதலால் சிறியதைவிட நெடுநேரம் தளராமல் உழைக்கும்.

நான்காவது மின்சாரம். மின்வெட்டு நேர்ந்தால் மேசைக் கணினி அந்நொடியே அணையும். சேமிக்காத எழுத்தெல்லாம் பறிபோகும். அதற்கெனத் தனியே யு.பி.எஸ். வாங்க வேண்டும். மடிக்கணினி தன் மின்கலத்தைத் தன்னுள்ளே கொண்டது. செலவிலும் அது சிக்கனமானது. எளிய வேலைகளில் இரண்டிற்கும் 60 வாட் வேறுபாடு எனக் கொண்டால், நாளொன்றுக்கு 8 மணி நேரம், மாதம் 30 நாளுக்கு 14.4 யூனிட் மிச்சமாகும். ஆனால், எந்நேரமும் மின் இணைப்பிலேயே முழுநிறைவாக வைத்திருந்தால் மின்கலம் விரைவில் மூப்படையும். அலுவலக மடிக்கணினிகள் பலவற்றில் 80 விழுக்காட்டோடு நிரப்புதலை நிறுத்தும் அமைப்பு உண்டு. மேசையிலேயே வைத்து உழைப்போர் அதனை முதல் நாளே இயக்கிவிடல் வேண்டும்.

‘அலுவலக’ மடிக்கணினி என்பதற்கு என்ன தனிச் சிறப்பு என்று வினவலாம். லெனோவோவின் திங்க்பேட், எச்.பி.யின் எலைட்புக், டெல் 2025 வரை அப்பெயரில் வெளியிட்ட லாட்டிட்யூட் ஆகியவை இவ்வகையின. நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் வாங்குவதற்காகச் செய்யப்படுபவை. ஆதலால் பழுது நீக்கும் வழிமுறை நூல்களை இந்நிறுவனங்களே வெளியிடுகின்றன. விசைப்பலகை, மின்கலம், விசிறி முதலிய உறுப்புகளும் பல ஆண்டு வரை கிடைக்கின்றன. பெரிய உருவங்களில் நினைவகத்தை மாற்றவும் கூட்டவும் இடமிருத்தல் பொதுவழக்கு. எனினும், மேசைக் கணினியில் எவ்வுறுப்பையும் தனித்தனியே மாற்றலாம். மடிக்கணினியில் செயலியை மாற்ற இயலாது. நான்காம் ஆண்டில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

புதிதாக வாங்க இயலாதவர்க்கு எஸ்.பி. சாலை உண்டு. நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த அலுவலக மடிக்கணினிகள் பெங்களூரில் பழம்பொருளாக விற்பனைக்கு வருகின்றன. குறைந்த விலையில் நல்ல பொருள் கிடைக்கலாம். ஆயினும் நான்கு சோதனைகள் தேவை. முதலில், அடிப்படை அமைப்பில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு நீக்கப்பட்டுள்ளதா? நீக்கப்படாத பூட்டு, வாங்கியவர் தலையில் விழும் இடி. இரண்டாவது, மின்கலத்தின் தொடக்கக் கொள்ளளவு எவ்வளவு, இன்று எவ்வளவு? விண்டோசிலேயே இதற்கு அறிக்கை எடுக்கலாம். மூன்றாவது, செயலி எத்தலைமுறை? விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையேனும் வேண்டும். அதற்கு முந்தியதாயின் லினக்ஸ் கொண்டு வாழப் பழக வேண்டும். நான்காவது, அரை மணி நேரம் ஓடவிட்டு விசிறியின் ஓசையையும் அடிப்பாகத்தின் சூட்டையும் அறிதல். அவசரப்படுத்தும் கடைக்காரரிடம் வாங்காமல் வருவதே நலம்.

இனி, முடிவுக்கு வருவோம். தூக்கிச் செல்வதில் இருவகை உண்டு. நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்குத் தூக்கிச் செல்வது ஒன்று. பதினொரு மாதத்திற்கு ஒருமுறை வீடு மாறும்போது தூக்கிச் செல்வது மற்றொன்று. பெரிய மடிக்கணினி இரண்டாம் வகையினர்க்கே உரியது. நாள்தோறும் சுமப்பவர்க்கு மூன்று கிலோவும் அதன் கனத்த மின்னேற்றியும் தோளுக்குத் தண்டனையே. அவர்கள் 14 அங்குல அலுவலக மடிக்கணினி ஒன்றையும், அறையில் 24 அங்குலத் திரை ஒன்றையும் வைத்துக் கொள்வது மிக நன்று. இடம் மாறாமல், கடுமையான வேலை செய்து, உறுப்புகளைப் படிப்படியாகப் பெருக்கிக் கொள்ள விரும்புவோர்க்கு மேசைக் கணினியே இன்றும் சிக்கனம். மேசைக்கு நிலையான இடமில்லாமலும், வேலை கனமாகவும், சுமப்பது அரிதாகவும் உள்ளவர்க்குப் பெரிய மடிக்கணினி பொருத்தமான துணையாகும்.

நண்பர்களே, கடைக்குச் செல்லும் முன் உங்கள் அறையை அளந்து பாருங்கள். ஒரு வார வேலையைக் குறித்துப் பாருங்கள். விளம்பரம் காட்டும் எண்ணைவிட அக்குறிப்பே உங்களுக்கு உண்மை உரைக்கும்.